பசிக்கு மதமில்லை, பந்திக்குச் சாதி ஏன்?

"அரிசியைக் கொடுத்து ஆளைப் பிடிக்கிறார்கள்! பருப்பைக் கொடுத்துப் பக்தியை வாங்குகிறார்கள்! பாதிரிமார் படை புறப்பட்டுவிட்டது, பண்பாடு பறிபோகிறது!"

கொங்கு நாட்டுக் கடைவீதிகளிலே இந்தக் கூச்சல் அடிக்கடி கேட்கிறது. கோவையின் ஓரத்திலே, ஆலைச் சுவருக்கும் சாக்கடைக்கும் இடையிலே ஒண்டிக்கிடக்கும் ஒரு குடியிருப்புக்கு, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு ஒரு வேன் செல்கிறது. திருச்சபைத் தோழர்கள் சிலர் இறங்குகிறார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் அடங்கிய பைகளை வீட்டுக்கு வீடு தருகிறார்கள். ஒரு செபம் சொல்கிறார்கள், போய்விடுகிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குள்ளாக ஆர்ப்பாட்டம், அறிக்கை, காவல் நிலையத்திலே மனு!

தோழர்களே! நாம் கர்த்தருக்கு வக்காலத்து வாங்க வந்தவர்களல்லர். கந்தனுக்கு எதிராகக் கட்சி கட்ட வந்தவர்களுமல்லர். ஈரோட்டுப் பாசறையிலே பகுத்தறிவுப் பாடம் படித்தவர்கள். எந்தக் கடவுளின் பெயரால் எவன் சோறு போட்டாலும், அந்தச் சோற்றை நாம் நிறுக்கும் தராசு ஒன்றுதான். கொடுப்பவன் என்ன விலை கேட்கிறான்? வாங்குபவன் நிமிர்ந்து நின்று வாங்க முடிகிறதா? இந்த இரண்டு கேள்விகளையும் இன்று எல்லாப் பானைகளின் மீதும் வைத்துப் பார்ப்போம். மாதா கோயில் பானை, மதக் காவலர் பானை, அரசாங்கப் பானை, ஏன், நமது கழகத்தின் பானை மீதும் வைத்துப் பார்ப்போம்!

கூச்சல் போடும் கூட்டத்திலிருந்து ஒரு வேதாந்தியை அந்தக் குடியிருப்புக்கு அனுப்பி வைப்போமா? நாடகம் எழுதிப் பழகிய கை இது. கற்பனைதான், கேளுங்கள்.

வேதாந்தி: ஏ கிழவி! அந்த வண்டியிலே வந்ததை வாங்கினாயா?

கிழவி: வாங்குனனுங்க சாமி. அஞ்சு கிலோ அரிசிங்க, ஒரு கிலோ பருப்புங்க.

வேதாந்தி: அது மதம் மாற்றுகிற அரிசி! தெரியுமா உனக்கு?

கிழவி: அப்படீங்களா சாமி? ஒலையில போட்டா மத்த அரிசி மாதிரித்தானுங்க வெந்துது.

வேதாந்தி: நம்முடைய மதத்தை விட்டு நீ போகலாமா?

கிழவி: நம்மதுன்னு சொன்னீங்க பாருங்க, சந்தோசமுங்க. அப்ப நாளைக்கு நம்ம கோயலுக்குள்ள வரட்டுங்களா?

வேதாந்தி: அது... அது ஊர் வழக்கம். அதிலே நான் தலையிட முடியாது.

கிழவி: சரிங்க சாமி. உங்க ஊட்டுத் திண்ணையிலயாச்சும் உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிக்கட்டுங்களா?

வேதாந்தி: (மேல்துண்டை உதறிக்கொண்டு) காலம் கெட்டுவிட்டது!

கிழவி: கெட்டது எங்களுக்குத் தெரியுமுங்க சாமி. எப்பவாச்சும் நல்லா இருந்துதான்னுதானுங்க தெரியாது.

திரை விழட்டும். சரித்திரத்தைத் திறப்போம்.

தாது வருடப் பஞ்சம் என்றால் கொங்கு நாட்டுக் கிராமங்களிலே பாட்டிமார் இன்றும் பெருமூச்சு விடுவர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சுடுகாடாக்கிய பஞ்சம் அது. தென்னாட்டிலே மாண்டவர் அரைக் கோடிக்கு மேல் என்று கணக்கிடுகின்றனர். 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கையும் 1881-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கையும் பக்கத்திலே பக்கம் வைத்துப் பாருங்கள். பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய கோவை மாவட்டம், ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை இழந்து நிற்கிறது. பக்கத்துச் சேலம் மாவட்டமோ மூன்றரை லட்சத்துக்கு மேல் இழந்து நிற்கிறது.

அப்போது ஆண்டவர் என்ன செய்தார்? விண்ணிலே ஆண்டவரைக் கேட்கவில்லை. மண்ணை ஆண்டவரைக் கேட்கிறேன். வைசிராய் லிட்டன் பிரபு, 1877 சனவரி முதல் நாள் தில்லியிலே தர்பார் நடத்தினார். விக்டோரியா மகாராணி இந்தியாவின் சக்கரவர்த்தினி ஆனதற்கு விழா, விருந்து, வாணவேடிக்கை! அதே சனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார் சென்னை மாகாணத்துக்கு வந்தார். நிவாரண வேலையிலே கல் உடைக்கும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று அளந்து கொடுத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவிற்கும் குறைவு. "இதை உண்டு இந்த வேலையைச் செய்தால் மனிதன் சாவான்" என்ற பொருள்பட மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். எதிர்ப்பு வலுத்த பிறகே அளவு உயர்ந்தது. தானிய வணிகத்தில் அரசு கை வைக்கலாகாது என்பது அன்றைய பொருளாதார வேதம். அந்த வேதத்தின்படி, இங்கே மக்கள் மடிந்துகொண்டிருக்க, இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது!

அரசு அடைத்த கதவுக்கு வெளியே நின்றவர் யார்? அந்த இடத்திற்குத்தான் மிஷனரிகள் வந்தனர். லண்டன் மிஷன் 1830-லேயே கோவையில் கூடாரம் அடித்திருந்தது. பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருமாரும் இங்கே இருந்தனர். மாகாணமெங்கும் மிஷன்கள் கஞ்சி காய்ச்சின. லண்டனில் திரட்டிய நிதியைப் பங்கிட்டுக் கொடுத்தன. தாய் தந்தையை இழந்த பிள்ளைகளை விடுதிகளில் சேர்த்துக்கொண்டன. சேர்த்த பிள்ளைகளைத் தங்கள் சமயத்திலேயே வளர்த்தன. அதை மறைப்பானேன்? பஞ்சத்துக்குள் ஒரு சமயத்தில் நுழைந்த குழந்தை, பஞ்சத்துக்கு வெளியே வேறொரு சமயத்தில் வந்து நின்றது. கொடுத்த சோற்றுக்கு விலை இல்லை என்று சொல்ல நான் தயாரில்லை.

ஆனால், அதே பஞ்சத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த ஓங்கோலிலே, கிளவ் என்ற அமெரிக்கப் பாப்டிஸ்டு பாதிரியார் இருந்தார். பக்கிங்காம் கால்வாயில் சில மைல் தூரத்தை வெட்டித் தரும் ஒப்பந்தத்தை எடுத்தார். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட மாதிக மக்கள் உட்பட ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தார், கூலி கொடுத்தார். அந்தக் காலம் முழுவதும் ஒருவருக்கும் திருமுழுக்குத் தருவதில்லை என்று நிறுத்தி வைத்தார். கேட்டவர்க்கும் இல்லை என்றார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பழி தம்மையும் அவர்களையும் தொடரலாகாது என்பது அவர் கருத்து. பஞ்சம் தணிந்தது. வேலை முடிந்தது. இனிக் கொடுப்பதற்கு அரிசியும் இல்லை, கூலியும் இல்லை. அதன் பிறகு 1878 சூலை 3-ஆம் நாள், ஒரே நாளில் 2,222 பேர் குண்டலகம்மா ஆற்றிலே திருமுழுக்குப் பெற்றனர்!

கூச்சல் போடும் கோமான்களே, இதற்கு விடை சொல்லுங்கள். அரிசி இருந்தபோது சேர்க்க மறுத்தார். அரிசி தீர்ந்தபோது ஆயிரம் ஆயிரமாய் வந்தனர். எதற்காக வந்தனர்? தொட்டால் தீட்டு என்ற உலகத்திலே, தொட்டுப் பேசிய ஒருவன் இருந்தான் என்பதற்காக வந்தனர். வயிறு அழைத்ததைவிட, "வாங்க" என்ற ஒரு சொல் அழைத்தது பெரிது.

அது பழங்கதை என்பீர்களா? 1956-இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கரும் அவருடன் இலட்சக்கணக்கானோரும் பௌத்தம் தழுவினரே, அங்கே எத்தனை மூட்டை அரிசி இறங்கியது? 1981-இல் நெல்லைச் சீமையின் மீனாட்சிபுரத்தில் ஒரு கிராமமே இஸ்லாத்துக்குப் போயிற்றே, அவர்கள் பருப்புக்கா போனார்கள்? தேநீர்க் கடையில் அமரவும், தெருவில் நிமிர்ந்து நடக்கவும், பெயருக்கு முன்னால் ஒரு மரியாதை பெறவும் போனார்கள்!

இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். 1950-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணைப்படி, தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர் கிறிஸ்தவராக மாறினால் அந்தப் பட்டியலிலிருந்து வெளியேறுகிறார். 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் திறக்கவில்லை. மதம் மாறினாலும் சாதி மாறவில்லை என்பதால் அவர்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 19-இல் தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. இப்போது சொல்லுங்கள்: ஐந்து கிலோ அரிசி ஒரு தட்டில், மகனுடைய தனித்தொகுதி, தனி இடஒதுக்கீடு, வன்கொடுமைச் சட்டத்தின் காப்பு மறு தட்டில். இதை ஆசை காட்டுதல் என்கிறீர்களா, அபராதம் என்கிறீர்களா? இழப்பு எது என்று தெரிந்தும் ஒருவன் போகிறான் என்றால், அவன் இங்கே பட்டது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

2002 அக்டோபரில் ஓர் அவசரச் சட்டம் வந்ததே, நினைவிருக்கிறதா? கட்டாய மத மாற்றத் தடைச் சட்டம். பரிசு, பணம், பொருள், எதைக் கொடுத்தாலும் ஆசை காட்டியதாகக் கொள்ளலாம் என்றது. மூன்றாண்டுச் சிறை, மாறியவர் பெண்ணாகவோ, தாழ்த்தப்பட்டவராகவோ, பழங்குடியாகவோ இருந்தால் நான்காண்டு. அதாவது, பெண்ணுக்கும் ஒடுக்கப்பட்டவனுக்கும் சொந்தப் புத்தி குறைவு என்று அரசே எழுதி முத்திரை குத்திய சட்டம்! 2004-ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் கொடுத்த அடிக்குப் பிறகு, அதைக் கொண்டுவந்த கையே அதை விலக்கிக்கொண்டது.

மதக் காவலருக்கு விடை சொன்னோம். மாதா கோயிலுக்கும் ஒரு சொல் உண்டு.

திருச்சபைத் தோழர்களே! உங்கள் வேன் எங்கள் சேரிக்கு வருவதை நாங்கள் தடுக்க மாட்டோம். தடுப்பவனைத் தடுப்போம். ஆனால், அரிசி கொடுக்கிற உங்கள் கை, கல்லறையில் சுவர் எழுப்பலாமா? ஒரே ஏசுவை வணங்குவோர்க்கு இருவேறு இடுகாடுகள் இந்தத் தமிழ்நாட்டில் இல்லையா? 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தேவாலயத்தில் சம உரிமை கேட்ட தலித் கிறிஸ்தவருக்கும் சாதிக் கிறிஸ்தவருக்கும் மோதல் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயினவே! சாதியை விட்டு ஓடி வந்தவனுக்குச் சாதியே எதிர்கொண்டு வரவேற்பு அளித்தால், அவன் இனி எங்கே ஓடுவான்? பை நிறைய அரிசி கொடுப்பது எளிது. பக்கத்து இருக்கை கொடுப்பது கடினம். கடினமானதைச் செய்யுங்கள்.

கொடுக்கும் சோற்றில் கயிறு கட்டுவது பாதிரிமார் கண்டுபிடித்த வித்தையுமல்ல. வல்லரசுகள் அதில் வல்லவர்கள். 1954-இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 என்ற சட்டத்தின் கீழ் கோதுமையும் பால் பவுடரும் கப்பல் கப்பலாக வந்தன. பள்ளிகளிலும், மாதா கோயில் வளாகங்களிலும், நம் பெற்றோரும் பாட்டன்மாரும் அந்தப் பாலைக் குடித்தார்கள். டின்னின் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம். அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்ற வாசகம். அன்பளிப்புதான். ஆனால் 1965 முதல் 1967 வரை, வறட்சி வாட்டியபோது, அதிபர் ஜான்சன் என்ன செய்தார்? மொத்தமாக அனுப்பாமல், மாதக் கணக்கில் அளந்து அளந்து கப்பலை அனுப்பினார். உன் வேளாண்மைக் கொள்கையை மாற்று, வியட்நாம் போரைப் பற்றி வாயை மூடு என்பது அந்தக் கயிற்றின் மறுமுனை. மதம் மாற்றும் அரிசி என்று இன்று அலறுகிறவர்கள், ஒரு நாட்டின் மனத்தையே மாற்றப் பார்த்த கோதுமையைப் பற்றிப் பேசுவதுண்டா?

அந்த நெருக்கடியிலே உணவு அமைச்சராய் இருந்தவர் நம் பொள்ளாச்சி மண்ணின் மைந்தர் சி. சுப்பிரமணியம். அரசியலில் நமக்கு எதிர் வரிசை. இந்தித் திணிப்பு நாட்களில் நாம் எதிர்த்து நின்ற கட்சி அவர் கட்சி. எனினும், பிறர் கப்பலை எதிர்பார்த்து நிற்கும் நாடு தலைநிமிராது என்று உணர்ந்து, புதிய வித்துக்களைக் கொண்டுவந்து விளைச்சலைப் பெருக்கும் வழியைத் திறந்தவர் அவர். மாற்றானானாலும் மதிப்போம். கையேந்துவதற்கு மாற்று, கொடுப்பவனைத் திட்டுவதன்று; கையேந்த வேண்டாத நிலையை உண்டாக்குவது. அதுதான் பாடம்.

அந்தப் பாடத்தை இந்த இயக்கம் எப்போது படித்தது? 1920-லேயே படித்தது! நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டார். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. ஓரணாதான், ஆனால் அந்த ஓரணாவிலே ஒரு புரட்சி இருந்தது. அதுவரை சோறு, கோயில் வாசலில் பிச்சையாக இருந்தது. மிஷன் வாசலில் கருணையாக இருந்தது. அன்றுதான் அது வரிப்பணத்திலே உரிமையாக மாறத் தொடங்கியது. 1956-இல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989-இல் கலைஞர் அதிலே முட்டையைச் சேர்த்தார். 2010-இல் பள்ளி நாளெல்லாம் முட்டை என்றாக்கினார். 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. கட்சிகள் மாறின; அடுப்பு அணையவில்லை. இதுவன்றோ தமிழ்நாடு!

கோவைக்கு இதிலே தனிப் பெருமையும் உண்டு. 1967-இல் அண்ணாவின் அரசு ஒரு ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கியபோது, சென்னைக்கு இணையாகத் தேர்ந்தெடுத்த நகரம் கோவைதான். ஆலைத் தொழிலாளியின் மனைவி, ஒரு ரூபாயை நீட்டி, படி அரிசியைக் கேட்டு வாங்கினாள். "போடுங்கள்" என்று கெஞ்சவில்லை. "அளந்து போடு" என்று சொன்னாள்! செலவு தாங்காமல் அத்திட்டம் பின்னர் நின்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணம் நிற்கவில்லை. 2008-இல் கிலோ ஒரு ரூபாய் அரிசியாக எழுந்தது. 2011 முதல் விலையில்லா அரிசியாக நடந்தது.

காலத்தின் சக்கரம் எப்படிச் சுழன்றது பாருங்கள். 2024 சூலை 15-இல் காலை உணவுத் திட்டத்தை ஊர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரித்தார்களே, அது தொடங்கிய இடம் எது? திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் பள்ளி. அடுத்த ஆண்டு நகர்ப்புறத்துக்கு விரித்தபோது தொடங்கிய இடம், மயிலாப்பூரில் புனித சூசையப்பர் பள்ளி. தாது வருடத்தில் அரசு கைவிட்டவனுக்கு மிஷன் கஞ்சி ஊற்றியது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, மிஷன் நடத்தும் பள்ளிக்குள் அரசு பொங்கலோ உப்புமாவோ கொண்டுபோய்க் கொடுக்கிறது. செபம் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை. மதமாற்றத்துக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி எவன் கண்டான்?

இதோடு முடித்துவிட்டால் கைதட்டுவீர்கள். ஆனால் கைதட்டலுக்காக மட்டும் எழுதுவதானால் இந்தப் பக்கம் எதற்கு? நமது பானைக்குள்ளும் கரண்டியை விட வேண்டும்.

2018 சூலை. திருப்பூர் மாவட்டம், அவிநாசி வட்டம், திருமலைக்கவுண்டன்பாளையம். அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்கு ஓர் அருந்ததியப் பெண்மணி சமையலராக வந்தார். "அவள் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் உண்ண மாட்டார்கள்" என்று சாதி இந்துக்கள் திரண்டு பள்ளியை அடைத்தனர். முதலில் அதிகாரி என்ன செய்தார்? சாதியை மாற்றவில்லை, சமையலரை மாற்றினார்! எதிர்ப்பு எழுந்த பின்னரே அந்த இடமாற்ற ஆணை விலகியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2023 செப்டம்பர். கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூர். காலை உணவைத் தலித் பெண்மணி சமைத்தார் என்பதற்காகச் சில பெற்றோர் தம் பிள்ளைகளை உண்ணவிடவில்லை. மாவட்ட ஆட்சியரே நேரில் போய்ச் சட்டத்தைக் காட்ட வேண்டியிருந்தது.

தோழர்களே, இந்த இரண்டு ஊர்களும் எங்கே இருக்கின்றன? பெரியார் பிறந்த ஈரோட்டிலிருந்து ஒரு முற்பகல் பயணத்தில்! அரிசி அரசாங்கத்தினது, அடுப்பு அரசாங்கத்தினது, முட்டை நாம் போட்டது. ஆனால் கரண்டி பிடித்த கை யாருடையது என்று பார்த்தபோது, எல்லாம் தீட்டாயிற்று. மாதா கோயில் சோற்றுக்கு விலை மதம் என்று குற்றம் சாட்டினோமே, நம் ஊர்ச் சோற்றுக்கு விலை சாதியாக இருந்தால் அதை எந்த அவசரச் சட்டத்தில் எழுதுவது?

கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்கிறேன். இப்படி ஊர் கூடும் நாளில், கூட்டத்தின் ஓரத்திலே, கரை வேட்டியும் துண்டும் தரித்து, கைகட்டி, வாய்மூடி, நம்மவன் ஒருவன் நின்றிருந்தால்? ஊர்ப் பகை எதற்கு, உறவு முறை கெடுமே, உள்ளாட்சித் தேர்தல் வருகிறதே என்று அவன் கணக்குப் போட்டிருந்தால்? அவன் மேடையில் முழங்கிய சமூக நீதியெல்லாம் அந்தச் சத்துணவுக் கூடத்தின் வாசலிலேயே செத்துவிட்டது. வேனில் வந்த பாதிரியார் மதம் மாற்றியது ஒரு குடும்பத்தை என்றால், வாய்மூடி நின்ற நம்மவன் மனம் மாற்றியது ஒரு குடியிருப்பையே. "இவர்களும் அவர்களே" என்று அந்த மக்கள் முடிவு கட்டிய பிறகு, அங்கே எந்தக் கொடி பறந்தால் என்ன, எந்தச் சிலுவை நின்றால் என்ன?

இன்னொன்று. 2015 வெள்ளத்தின்போது, யாரோ அனுப்பிய நிவாரணப் பொட்டலங்களின் மேல் அன்றைய முதலமைச்சரின் படத்தை ஒட்டினார்கள் என்று நாடே கைகொட்டிச் சிரித்தது. நாமும் சிரித்தோம். 2020 ஊரடங்கில் கட்சிகளும் தொண்டு அமைப்புகளும் நேரடியாக உணவு வழங்கக் கூடாது என்று அன்றைய அரசு சொன்னபோது, நீதிமன்றம் வரை போய் வழக்காடினோம். பசித்தவனுக்குச் சோறு கொடுக்கும் உரிமையை வென்றோம். நன்று. ஆனால் வென்ற உரிமையை எப்படிப் பயன்படுத்துகிறோம்? ஒரு மூட்டை அரிசி. அதன் ஒரு முனையில் பதினைந்து தோழர்கள், மறு முனையில் ஒரு மூதாட்டி. படம் எடுக்கும் வரை அவள் பையைக் கீழே வைக்கலாகாது! டின்னின் மேல் கைகுலுக்கும் படம் போட்ட அமெரிக்கனுக்கும், பையின் மேல் ஒட்டுப்படம் போட்டவனுக்கும், அந்தப் பதினைந்து பேருக்கும் என்ன வேறுபாடு? திருச்சபைக்காரன் ஒரு செபம்தான் கேட்டான். நாம் அவள் முகத்தையே கேட்டுவிட்டோம்!

ஆதலின், சேரிக்கு அரிசி வண்டி வருகிறது என்று அடுத்த முறை யாரேனும் வந்து சொன்னால், கழகத் தோழன் செய்ய வேண்டியது இது. வண்டியை மறிக்காதே, மறிப்பவனோடு சேராதே. வண்டி போன பிறகு அந்த வீடுகளுக்குள் போ. குடும்ப அட்டை இருக்கிறதா, இருந்தும் அரிசி கிடைக்கவில்லையா, எடை குறைகிறதா என்று கேள். முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துப் போ. வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு எழுது. இடுகாட்டுக்குப் பாதை இல்லையென்றால் அதற்குப் போராடு. பிறகு, அந்த ஊர்ப் பள்ளிக்குப் போய்ச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர் யார் என்று பார். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பெண் சமைக்கிறாள் என்றால், தலைமையாசிரியரின் இசைவு பெற்று, உன் பிள்ளையை முதல் வரிசையில் அமர வை. நீயும் பக்கத்தில் அமர்ந்து ஒரு கவளம் உண். சமைக்க விடவில்லை என்றால், உன் மாமனே எதிரில் நின்றாலும் சரி, மச்சானே மறித்தாலும் சரி, அந்தப் பெண்ணின் பக்கம் நில். ஆயிரம் மேடைப் பேச்சு அந்த ஒரு கவளத்துக்கு ஈடாகாது. பேசிப் பிழைப்பவன் நான் சொல்கிறேன்!

தாது வருடத்தில் கோவை மண்ணில் மாண்டவன், எந்த மதத்தின் பெயரால் யார் கஞ்சி ஊற்றினாலும் குடித்திருப்பான், ஊற்றுவதற்குத்தான் ஆளில்லை. இன்று அவன் பேரப்பிள்ளைகளுக்கு அரிசி தர வேன் வருகிறது, அரசு தருகிறது, கழகம் தருகிறது. கொடுப்போர் கூட்டம் பெருகிவிட்டது. குறைவாக இருப்பது ஒன்றே ஒன்று: கூட அமர்ந்து உண்போர் கூட்டம். அந்தப் பந்தியை விரிக்க வேண்டியது நாம்தான். இலையைப் போடுங்கள், தோழர்களே. யார் சமைத்தது என்று கேட்காமல் அமருங்கள்!